நடுங்கும் கைக்கு இரண்டு குச்சிகள்

சென்ற வாரம் தொலைக்காட்சி அரங்கில் பேசியதைச் சற்று விரிவாக்கி இந்தப் பக்கத்துக்கு எழுதித் தருகிறேன். நேரம் போதாமல் அங்கே விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பொருள்களைப் பற்றிய வரிசையில் இந்த முறை நான் எடுத்துக்கொண்டது துப்பாக்கித் தாங்கி. தலைப்பைச் சொன்னதும் எங்கள் தயாரிப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம் ஊரில் யார் கையில் துப்பாக்கி இருக்கிறது? இது எதற்கும்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாரையும் வேட்டைக்குப் போகச் சொல்ல இந்தப் பேச்சு வரவில்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சட்டப்படி அணில் வேட்டைக்குப் போகும் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளையும் ஓர் ஆணியையும் வைத்து அவர் ஒரு தாங்கி செய்ததைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பொருளுக்குள் இருந்த யோசனை என்னை வெகுநாள் விடவில்லை. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அட்டைப் பெட்டிக்குள் ஒரு மைனா

பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். அங்கே பையன்கள் எல்லார் சட்டைப்பையிலும் ஒரு லாஸ்திக் இருக்கும். கொய்யா மரத்துக் கவட்டையை வெட்டி, சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டிவிட்டால் லாஸ்திக் தயார். என் அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. ஒருநாள் அவன் ஓடிக்கொண்டே அடித்த கல் ஒரு மைனாவின் இறக்கையில் பட்டது. அது சாகவில்லை. அதனால் பறக்கவும் முடியவில்லை.

பள்ளிக்கூடச் சப்பாத்து வந்த அட்டைப் பெட்டியில் பழந்துணியைப் போட்டு அதை வைத்தோம். தண்ணீர் கொடுத்தோம், சோறு கொடுத்தோம். இரண்டு இரவு அது பெட்டிக்குள் கீறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் சத்தம் இல்லை. பால்மரத்துக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அடிச்சது ஒரு பாவம், அரைகுறையா அடிச்சது ரெண்டு பாவம்" என்றார். அண்ணன் அதற்குப் பிறகு லாஸ்திக்கைத் தொட்டதை நான் பார்த்ததில்லை.

அம்மா சொன்ன அந்தச் சொல்லின் முழுப் பொருளை நான் புரிந்துகொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேறு ஒரு நாட்டில்.

மிசூரியில் ஒரு பெரியவர்

2023 அக்டோபரில் விடுமுறைக்கு அமெரிக்கா போயிருந்தேன். என்னோடு டிப்ளோமா படித்த தோழி ஒருத்தி திருமணமாகி மிசூரியின் தென்பகுதியில் குடியிருக்கிறாள். ஓசார்க் மலைப்பகுதி. ஓக் மரமும் ஹிக்கரி மரமும் நிறைந்த காடு. அவள் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அவரை நாங்கள் அங்கிள் என்றே அழைத்தோம். நான் போன அன்று பதின்மூன்று வயதுப் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் குச்சிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாநிலத்தில் அணில் வேட்டைக்குக் காலமும் கணக்கும் உண்டு. மே மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தொடங்கிப் பிப்ரவரி 15 வரைக்கும் அனுமதி. ஒருவர் ஒரு நாளில் 10 அணில்களுக்கு மேல் எடுக்கக்கூடாது. 1967 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியில் தேறினால்தான் துப்பாக்கி வேட்டைக்கு உரிமம் வாங்க முடியும். பெரியவர் அதற்கு முன்பே பிறந்தவர் என்பதால் அவருக்கு அது கட்டாயம் இல்லை. ஆனாலும் பேரனோடு சேர்ந்து வகுப்பில் போய் உட்கார்ந்தாராம்.

அணில் என்றதும் நம் வீட்டு வேலியில் ஓடும் சின்ன அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சாம்பல் அணில், நரி அணில் என்று இரண்டு வகை. சாம்பல் அணில் ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். நரி அணில் அதைவிடப் பெரியது. கிராமத்து மக்கள் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம்.

அவர்கள் பயன்படுத்துவது '.22 லாங் ரைபிள்' என்ற சின்னக் குண்டு போடும் துப்பாக்கி. 1887ல் அமெரிக்காவில் அறிமுகமான தோட்டா வகை அது. குண்டின் எடை பெரும்பாலும் 2.6 கிராம்தான்; நம் பத்து சென் நாணயத்தை விடக் குறைவு. சின்னக் குண்டு என்பதால் சரியான இடத்தில் படவேண்டும். தலையில் பட்டால் அணிலுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. வயிற்றிலோ காலிலோ பட்டால், மரப்பொந்துக்குள் ஓடிப்போய் மெல்ல மெல்லச் சாகும். யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அவர் இதைச் சொன்னபோது எனக்கு அட்டைப் பெட்டி நினைவுக்கு வந்தது.

கை ஏன் நிலையாக நிற்பதில்லை?

தொலைக்காட்சித் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. எங்களுக்குக் கல்லூரியில் நடந்த முதல் செய்முறைப் பாடமே முக்காலியை விரித்துக் கேமராவைப் பூட்டுவதுதான். "நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கும்" என்பார் எங்கள் விரிவுரையாளர். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்பும் கைவரைக்கும் வருகிறது. கையை நீட்டிக்கொண்டே இருந்தால் தசை களைத்து நடுங்குகிறது.

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. துப்பாக்கியின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டை தோளில் நிற்க, குழலின் முனை மட்டும் 1 மில்லிமீட்டர் விலகுகிறது. 40 மீட்டர் தூரத்தில் அந்த விலகல் எவ்வளவு? 40 மில்லிமீட்டர். அதாவது 4 சென்டிமீட்டர். அணிலின் தலையும் ஏறத்தாழ அவ்வளவுதான். நம் கண்ணுக்கே தெரியாத ஒரு நடுக்கம், ஒரே நொடியில் முடியவேண்டியதை இரண்டு நாள் வேதனையாக மாற்றிவிடுகிறது.

உடலை நம்புவதை விட்டுத் தரையை நம்பு என்பதே தாங்கியின் தத்துவம். தரைக்கு மூச்சும் கிடையாது, இதயத் துடிப்பும் கிடையாது.

செய்யும் முறை

அந்தப் பெரியவர் செய்ததை அப்படியே தருகிறேன். பொருள்கள் எல்லாம் இரும்புக்கடையில் கிடைப்பவை. அவருக்குப் பதினைந்து டாலர்கூட ஆகவில்லை.

தேவையானவை: விரல் பருமனை விடச் சற்றுக் கூடுதலாக, 19 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு உருளை மரக்கம்புகள், 6 மில்லிமீட்டர் தடிமனும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு போல்ட், இரும்பு வாஷர் இரண்டு, தோலிலோ ரப்பரிலோ வெட்டிய வாஷர் ஒன்று, கையாலேயே திருகக்கூடிய, இரண்டு காது வைத்த விங் நட் ஒன்று, பழைய சைக்கிள் டியூப், ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர் குமிழ் இரண்டு, ஒரு முழம் கயிறு.

முதல் வேலை அளவு பார்ப்பது. தரையில் உட்கார்ந்து, மரத்தில் முதுகைச் சாய்த்துச் சுடுபவருக்கு ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் போதும். முழங்காலிட்டுச் சுடுபவருக்கு 1.2 மீட்டர் வேண்டும். நின்றுகொண்டு சுடுவதற்கு ஆள் உயரம் தேவைப்படும். ஆனால் உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும். "முதலில் நீளமாக வை, உட்கார்ந்து பார், அப்புறம் வெட்டு. வெட்டிய குச்சியை ஒட்டவைக்க முடியாது" என்று பேரனிடம் சொன்னார்.

இரண்டாவது, துளை. ஒவ்வொரு கம்பிலும் மேல்முனையிலிருந்து 12 சென்டிமீட்டர் கீழே, நட்டநடுவில் 6.5 மில்லிமீட்டர் துளை போடவேண்டும். துளை ஓரமாகப் போனால் மரம் அங்கேதான் பிளக்கும். அதனால் முதலில் ஆணியால் ஒரு சின்னக் குழி தட்டிக்கொண்டு, பிறகு டிரில்லை வைக்கவேண்டும்.

மூன்றாவது, பூட்டுவது. போல்டில் ஓர் இரும்பு வாஷர், முதல் கம்பு, தோல் வாஷர், இரண்டாவது கம்பு, மறுபடியும் இரும்பு வாஷர், கடைசியில் விங் நட். நடுவில் இருக்கும் தோல் வாஷரைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். மரமும் மரமும் உராய்ந்து 'கிறீச்' என்று கத்தாமல் தடுப்பதும், விரித்த கால்கள் விரித்த இடத்திலேயே நிற்பதும் அதனால்தான்.

நான்காவது, மேலே வரும் கவை. கீழ்க்கால்களை விரித்தால் மேலே இரண்டு கைகள் விரிந்து ஒரு கவட்டை உண்டாகும். துப்பாக்கி உட்காரும் இடம் அது. அந்த இரண்டு கைகளிலும் சைக்கிள் டியூபை இறுக்கச் சுற்றவேண்டும். துப்பாக்கியின் மரம் கீறாது, சத்தம் வராது, வழுக்கவும் செய்யாது. அட, நம் லாஸ்திக்கின் அதே டியூப்தான்!

ஐந்தாவது, அடி. ரப்பர் குமிழ்களை மாட்டி, இரண்டு கால்களுக்கும் நடுவே கயிற்றைக் கட்டவேண்டும். வேண்டிய அகலத்துக்கு மேல் கால்கள் சறுக்கி விரியாமல் கயிறு பிடித்துக்கொள்ளும். உயரம் குறையவேண்டுமா, காலை அகட்டுங்கள். கூடவேண்டுமா, ஒடுக்குங்கள். மடக்கினால் மலையேறும்போது ஊன்றுகோல்.

மூங்கிலிலும் செய்யலாம். ஆனால் மூங்கில் கணுக்களுக்கு இடையே துளை போட்டால் எளிதில் பிளந்துவிடும். துளையே போடாமல், குறுக்காக வைத்து ரப்பர்ப் பட்டையால் இறுகக் கட்டிவிடுவது நல்லது.

குச்சிக்குத் துணையாக ஒரு பை

பெரியவர் வீட்டில் இன்னொரு தாங்கியும் இருந்தது. பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் ஒரு காலை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கத்தை இரட்டைத் தையல் போட்டு மூடி, உள்ளே நிரப்பி, மறுபக்கத்தையும் தைத்துவிட்டார். முக்கால் பங்குதான் நிரப்பவேண்டும். நிறைய அடைத்தால் பந்துபோல் உருளும். கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் மேலே வைக்கும் பொருளின் வடிவத்துக்கு அது இடம் கொடுக்கும்.

மணல் நிரப்பினால் அசையாது, ஆனால் கனம். அரிசி, பயறு நிரப்பினால் லேசு, ஆனால் நனைந்தால் ஊறும், நம் ஊர் ஈரத்தில் வண்டு வைக்கும். பிளாஸ்டிக் மணிகள் கிடைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. எதை நிரப்பினாலும் முதலில் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதைத் துணிப்பைக்குள் வைப்பது நல்லது.

பயன்படுத்துவதில் உள்ள நுணுக்கம்

தாங்கி செய்வது அரை நாள் வேலை. அதைப் பயன்படுத்தக் கற்பதுதான் நாள்கணக்காகும் என்றார் பெரியவர். அவர் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கவையில் உட்காரவேண்டியது துப்பாக்கியின் மரக்கட்டை. இரும்புக் குழலை ஒருபோதும் வைக்கக்கூடாது. சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வை ஏதாவது ஒன்று தடுத்தால் குண்டு போகும் இடம் மாறிவிடும். அதேபோல், கல்லின்மீதோ கட்டையின்மீதோ நேராக வைத்தால் துப்பாக்கி துள்ளும். குண்டு குறியை விட்டு விலகிப்போகும். நடுவில் கையோ, தொப்பியோ, பையோ, மெத்தென்று ஏதாவது இருக்கவேண்டும்.

குச்சிகள் முன்பக்கத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கம் ஆடினால் பயனில்லை. அதனால் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளவேண்டும். பிறகு குறிபார்த்துவிட்டு, கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் திறந்து பார்க்கவேண்டும். குறி அங்கேயே இருந்தால் உடல் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக்கூடாது. உட்கார்ந்த இடத்தை மாற்றவேண்டும். கையால் இழுத்து வைத்தது எப்படியும் திரும்பிப் போய்விடும்.

குச்சியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் துப்பாக்கி பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கவேண்டும்; அதன் வாய் யார் பக்கமும் திரும்பக்கூடாது; விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யும் கைகளில்தான் விபத்து நடக்கிறது என்பதைப் பேரனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

சுடாமல் எழுந்த காலை

மறுநாள் விடியற்காலையில் அவர்களோடு காட்டுக்குப் போனேன். துப்பாக்கியை நான் தொடவில்லை. விசாவில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் விலக்கு இல்லாமல் அங்கே துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்பது அவர்கள் மத்திய அரசின் சட்டம். எனக்கும் அதில் விருப்பமில்லை. என் கையில் கேமரா மட்டும்தான்.

ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஹிக்கரிக் காய் ஓடு உதிரும் சத்தம் கேட்டது. உயரத்தில், ஒரு கிளையின் நுனியில் சாம்பல் அணில். பெரியவர் குச்சிகளை விரித்தார், துப்பாக்கியை வைத்தார், மூச்சை அடக்கினார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். பத்து நொடி போயிற்று. இருபது நொடி போயிற்று. அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டார். அணில் தாவி மறைந்தது.

"ஏன் தாத்தா? நடுங்கவே இல்லையே!" என்றான் பேரன்.

"நடுங்கவில்லை. ஆனால் அணிலுக்குப் பின்னால் வானம்தான் இருந்தது" என்றார் அவர்.

.22 தோட்டாப் பெட்டியிலேயே ஓர் எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். இந்தக் குண்டு ஒன்றரை மைல், அதாவது ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் வரைக்கும் ஆபத்தானது என்று. அணிலைத் தவறவிட்டால் அணில் ஓடிவிடும். கையைவிட்டுப் போன குண்டு எங்கே போய் நிற்கும்? யார் வீட்டுக் கூரையில், யார் தோட்டத்தில்? பின்னால் பருத்த அடிமரம் இருந்தால் மட்டுமே அவர் சுடுவாராம்.

அதற்குப் பிறகு ஒன்று கிடைத்தது. அடிமரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒரே சத்தம். கீழே விழுந்ததும் அது அசையவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று மதியம் அவர்கள் வீட்டில் அதைச் சமைத்தார்கள். நான் சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டேன். ஆனால் அம்மா சொன்ன இரண்டாவது பாவத்தை அந்த மனிதர் செய்யவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

தாங்கியைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் என் மனத்தில் இருக்கிறது. "நிறையப் பேர் இதைத் தூரமாகச் சுடுவதற்கு என்று நினைக்கிறார்கள். எனக்கு இது சுடலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரம் கொடுக்கிறது." கனத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருப்பவன் அவசரப்படுவான். கனத்தைத் தரையில் இறக்கிவிட்டவன் யோசிப்பான்.

அதே குச்சி, வேறு கை

இந்தக் குச்சிகளுக்குப் பழைய வரலாறு உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் போர்வீரர்கள் கனமான மஸ்கெட் துப்பாக்கியைக் கையால் மட்டும் தூக்கிச் சுட முடியாமல், தலையில் கவை வைத்த ஒரு கோலைக் கூடவே எடுத்துப் போனார்கள். 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமைத் தோலுக்காக அலைந்த வேட்டைக்காரர்கள், குறுக்காகக் கட்டிய இரண்டு குச்சிகளின்மேல்தான் தங்கள் கனத்த துப்பாக்கிகளை வைத்துச் சுட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினார்கள்.

விளைவு என்ன தெரியுமா? கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் 1889ல் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ ஆயிரமாகச் சுருங்கிப்போயிருந்தன. குறி தவறவில்லை, கையும் நடுங்கவில்லை. ஆனால் 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே தாங்கி தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எல்லை வகுக்கும் மனம் பின்னால் இருக்கவேண்டும்.

அந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் தாமதமாகத்தான் கற்றார்கள். 1937ல் கொண்டுவந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது. பெரியவர் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் காட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

நேயர்கள் கேட்டவை

ஈப்போவிலிருந்து அழைத்த ஓர் அம்மா, "உயிரைக் கொல்வதை அழகாகச் சொல்கிறாயே மகளே, இது சரியா?" என்று கேட்டார். அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. கொல்வது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் கோழி வாங்குகிறோம், மீன் வாங்குகிறோம். அவை எப்படிச் செத்தன என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட ஒரு மனிதரைத்தான் நான் பார்த்தேன்.

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி, வீட்டுக் கூரையில் குரங்குகள் தொல்லை தருவதாகவும், காற்றுத் துப்பாக்கி வாங்கி இப்படித் தாங்கியில் வைத்துச் சுடலாமா என்றும் கேட்டார். கூடவே கூடாது, தம்பி. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். விலங்குகளைப் பொறுத்தவரை, தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தொல்லை என்றால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் புகார் செய்யுங்கள். சிங்கப்பூர் நேயர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கேயும் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது.

ஜொகூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "எனக்குத் துப்பாக்கி வேண்டாம். பறவைகளைப் படம் பிடிக்க ஆசை. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. இந்தக் குச்சி எனக்கு உதவுமா?"

கட்டாயம் உதவும், ஐயா. நான் இந்தத் தலைப்பை எடுத்ததே அதற்காகத்தான். நீளமான லென்ஸுக்கும் துப்பாக்கிக்கும் கணக்கு ஒன்றுதான். கை கொஞ்சம் ஆடினாலும் தூரத்துப் பறவை படத்தில் மங்கிவிடும். உட்கார்ந்து படம் எடுப்பதானால் இரண்டு குச்சி. லென்ஸின் கீழ்ப்பகுதியைக் கவையில் வையுங்கள். காருக்குள் இருந்து எடுப்பதானால் ஜீன்ஸ் பையைக் கண்ணாடி இறக்கிய ஜன்னல் விளிம்பில் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு எடுங்கள். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் மரக் கைப்பிடிகளில் அந்தப் பை அருமையாக உட்காரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வரும் தேன்பருந்துகளைப் பார்க்கப் போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானுக்குப் போவோர், தொலைநோக்கியை இதே குச்சிகளில் வைத்துப் பார்க்கலாம். கழுத்தும் கையும் வலிக்காது.

ஊர் திரும்பியதும் ஒரு ஜீன்ஸ் பையைத் தைத்து என் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பழைய கேமரா ஒன்று வைத்திருக்கிறான். சென்ற மாதம் தன் வீட்டு வேலியில் உட்கார்ந்த ஒரு மைனாவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இறகின் ஒவ்வொரு இழையும் தெளிவாகத் தெரிந்தது. படத்துக்குக் கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் பழைய ஜீன்ஸும் ஒரு படி பச்சைப்பயறும் இருந்தால் இந்த வாரம் செய்து பாருங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.